இரண்டு காதும் வெட்டிய எலி

'டமார்' என்று சத்தம் கேட்டபோது ஆராய்ச்சி நிலையத்தில் ஊழியர்கள் ஆளுக்கொரு எலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சத்தத்தில் கை தளர்ந்தது. எலிகள் பிழைத்துக்கொண்டன.

தலைமையகத்து ஜீப் வாசல் இரும்புக் கதவில் மோதி நின்றிருந்தது. நாளைக்குத்தானே வருகிறார்கள் என்று காவல்காரர் கதவைப் பூட்டிவிட்டு நிம்மதியாகக் காலை நீட்டியிருந்தார். முகப்பு நசுங்கிய ஜீப்பிலிருந்து இறங்கினார் இணை இயக்குநர் அம்மாள். கலைந்த கொண்டையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"மேடம்... நாளைக்குன்னு..." காவல்காரர் சாவியைத் தேடினார்.

"நாளைக்கு வந்தா நீங்க எல்லாரும் தயாரா இருப்பீங்க. அதான் இன்னைக்கே வந்துட்டேன்."

அந்த நிலையத்தை ஓர் ஓடை இரண்டாகப் பிரித்திருந்தது. வடகரையில் ஒரு ஆய்வகம், தென்கரையில் ஒரு ஆய்வகம், நடுவில் ஒரு இரும்புப் பாலம். இரு கரையிலும் காட்டுச் சுண்டெலிகள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மீசையில்கூட வித்தியாசம் கிடையாது. உள்ளே எண்ணிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். வடகரை எலிக்குக் குரோமோசோம் நாற்பது. தென்கரை எலிக்கு முப்பத்து நான்கு. தென்கரை எலி எதையும் தொலைத்துவிடவில்லை. அதன் முன்னோர்களிடம் பன்னிரண்டு குரோமோசோம்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு ஆறாகிவிட்டன, அவ்வளவுதான். இரண்டு சின்னப் பீரோவை ஒட்டி ஒரு பெரிய பீரோ செய்தால் உள்ளே இருக்கும் துணி குறைந்தா போகும்?

ஆனால் இந்த ஒட்டுதலை வைத்துக்கொண்டுதான் இரண்டு மனிதர்கள் வெட்டிக்கொண்டார்கள். வடகரைத் தலைவர் தம் எலி தனி இனம் என்றார். தென்கரைத் தலைவரும் தம் எலி தனி இனம் என்றார். இரண்டு இனம் என்றால் இரண்டு ஆய்வகம், இரண்டு தலைவர், இரண்டு சுழல் நாற்காலி. ஓரினம் என்றால் ஒரு நாற்காலி. இதற்குமேல் அந்த அறிவியலில் சிக்கல் ஒன்றும் இல்லை. ஊழியர்கள் வடகரைத் தலைவரை நாற்பதார் என்றும் தென்கரைத் தலைவரை முப்பத்துநாலார் என்றும் மரியாதையாகவே அழைத்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான்.

ஒரு காலத்தில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்ட நண்பர்கள். அந்த நட்பில்தான் முப்பத்துநாலார் தம் அக்காளை நாற்பதாருக்குக் கட்டிக்கொடுத்தார். கல்யாணமான மறுவருஷம் குரோமோசோமை எண்ணினார்கள். அன்றோடு பேச்சு நின்றது. நிலையத்தின் பண்டகசாலையும் விருந்தினர் அறைகளும் அக்காள் பொறுப்பில் இருந்தன. எல்லாருக்கும் அவர் அக்காதான். அவசரத்தில் நாற்பதாரே ஒருமுறை அப்படிக் கூப்பிட்டுவிட்டு இரண்டு நாள் திண்டாடினார். புருஷன் வடகரை, தம்பி தென்கரை. தினமும் அடுக்குப் பாத்திரத்தில் தம்பிக்குச் சாப்பாடும், அதோடு புருஷன் சொல்லி அனுப்பும் வசவும் பாலத்தைத் தாண்டிப் போகும். காலிப் பாத்திரத்தோடு பதில் வசவு திரும்பி வரும்.

இவர்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பெண் தற்காலிக வேலையில் இருந்தாள். இரு கரை எலிகளும் சந்திக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. நாற்பதுக்கும் முப்பத்து நான்குக்கும் பிறக்கும் குட்டிக்குக் குரோமோசோம் முப்பத்தேழு. எந்தக் கரைக்கும் சொந்தமில்லாமல் பாலத்தடிக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த அவளுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள்.

முப்பத்தேழுக்கு இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. நிரந்தரமாக வேண்டுமானால் தலைவர்கள் இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். ஊரிலிருந்து அம்மா போன் செய்யும்போதெல்லாம் ஒரே பாட்டுதான்.

"எலி புடிக்கவாடி உன்னை இவ்வளவு படிக்க வெச்சேன்? ஒரு பூனையை வளர்த்திருந்தா செலவு மிச்சம். அதுக்கு வேலையும் நிரந்தரம்."

ஜீப் சத்தம் கேட்டு அவள் ஓடிவந்தபோது இணை இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் கூடுவோம். கலப்பு எலி எப்படி இருக்கு, எவ்வளவு இருக்குன்னு நீதானேம்மா சொல்லணும்? அது நல்லாக் குட்டி போட்டா ரெண்டும் ஓரினம்னு அர்த்தம். அதை வெச்சுத்தான் இந்த நிலையத்துக்கு ரெண்டு ஆய்வகம் வேணுமா, ஒண்ணு போதுமான்னு முடிவு பண்ணப்போறேன்."

அரைமணி நேரத்தில் நாற்பதாரிடமிருந்து ஆள் வந்தது.

அவர் அறையில் சுவர் முழுக்கச் சட்டமிட்ட படங்கள். எல்லாவற்றிலும் அவர் ஓர் எலியோடு நின்றார்.

"வாம்மா, உக்காரு. நாற்காலி இல்லையா? சரி, நில்லு. என்னைத் தலைமையகம் எதுக்கு இந்தக் கரைக்கு அனுப்பிச்சுது, தெரியுமா?"

"தெரியும் சார். உங்களை மாதிரி ஆள் கிடைக்காதுன்னு..."

"தேடிப் புடிச்சு அனுப்பிச்சாங்க. அதை மறக்காதே. சரி, கலப்பு எலி எவ்வளவு இருக்கு?"

"நிறைய இருக்கு சார்."

"நிறையன்னு ஒரு எண் கிடையாதும்மா. அரிதுன்னு சொல்லு."

"அரிதுன்னும் ஒரு எண் கிடையாதே சார்."

நாற்பதார் கண்ணாடியைக் கழற்றினார். அது நல்ல அறிகுறி அல்ல.

"ஒண்ணு ரெண்டு இருந்தாலும் நோஞ்சானா இருக்கும். குட்டி போடாது. போடுதா?"

முப்பத்தேழு வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"போடாது. அவ்வளவுதான். நீ சாயங்காலம் அதைச் சொல்லு, உன் நிரந்தரத்துக்கு நான் கையெழுத்துப் போடறேன். அந்தத் தென்கரைப் பெரிய மனுஷன் போடுவாரான்னு எனக்குத் தெரியாது. நியாயமான ஆள்னு கேள்விப்பட்டதில்லை."

பாலத்தைத் தாண்டினால் முப்பத்துநாலார் பிஸ்கட் தட்டோடு காத்திருந்தார். இவர் சிரித்த முகம். நாற்காலியும் இருந்தது.

"வாங்க மகாராணி! எங்க அத்தான் என்ன சொன்னாரு? வேணாம், சொல்லாதே. கலப்பு எலி நிறைய இருக்குன்னு சொல்லச் சொல்லியிருப்பாரு. நீ பயப்படாம உண்மையைச் சொல்லு. அரிது, நோஞ்சான், குட்டி போடாது. சொன்னேன்னா என் கையெழுத்து ரெடி."

முப்பத்தேழு எடுத்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்தாள். இத்தனை வருஷத்தில் இவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான். அது அவர்களுக்கே தெரியாது.

கொட்டகைக்குத் திரும்பி யோசித்தாள். உண்மையில் கலப்பு எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. அவை இருந்த இடம்தான் அவளுக்குப் புரியவில்லை. கலப்பு என்றால் இரு கூட்டமும் சந்திக்கும் எல்லை நெடுக அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கவேண்டும். இங்கே பாலத்தின் வடக்கு முனையில் ஒரு கும்பல், தெற்கு முனையில் ஒரு கும்பல். பஸ்ஸுக்கு நிற்பதுபோல. ஓடையிலோ தண்ணீர் சுழித்து ஓடியது. பாலத்து நடுவில் நிலையத்துப் பூனை இரவு பகலாகக் குடியிருந்தது. எலி எப்படி அக்கரை போகும்?

அதைவிடப் பெரிய புதிர் கூண்டில் இருந்தது.

பிடிபடும் எலியின் காதோரம் ஒரு பொட்டு வெட்டி, அதைக் கண்ணாடிப் புட்டியில் வளரவிட்டு, மைக்ராஸ்கோப்பில் எண்ணுவார்கள். எண்ணி முடிக்கும்வரை எலி கூண்டில் விருந்தாளி. பிறகு பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடவேண்டும் என்பது விதி. தங்கள் எலி என்று அடையாளம் தெரிய வடகரைக்காரர்கள் இடது காதில் வெட்டினார்கள்; தென்கரைக்காரர்கள் வலது காதில். முப்பத்தேழுக்கு இரண்டு காதும் மிஞ்சவில்லை. அவள் வால்நுனியில் எடுத்தாள்.

அவள் கூண்டில் இருந்த பெண் எலிக்கு இடது காதிலும் வெட்டு இருந்தது, வலது காதிலும் வெட்டு இருந்தது. எண்ணிப் பார்த்ததில் குரோமோசோம் முப்பத்தேழு. அன்று காலை பஞ்சுக்குள் கைவிட்டபோது விரலில் சூடாக ஏதோ பட்டது. ரோஜா நிறத்தில் ஏழெட்டுக் குட்டிகள்.

"இந்த நேரம் பாத்தா பெத்து வெப்பே?" என்று எலியிடமே கேட்டாள். எலி மீசையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது.

உள்ளதைச் சொன்னால் இரண்டு கையெழுத்தும் போயிற்று. பொய்யைச் சொன்னால் இரண்டும் கிடைக்கும். அம்மாவின் குரல் காதில் கேட்டது. முப்பத்தேழு பொய் சொல்வதென்று முடிவு செய்துவிட்டாள். கண்ணாடி முன் நின்று "மிக அரிது, மேடம்" என்று சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை நன்றாகவே வந்தது.

சிக்கல் இடத்தில் வந்தது. வடகரையில் கூட்டம் என்றால் முப்பத்துநாலார் வரமாட்டார். தென்கரையில் என்றால் நாற்பதார் வரமாட்டார். எனவே கூட்டம் முப்பத்தேழின் கொட்டகையில் என்று அக்காள் முடிவு செய்துவிட்டார். கூண்டை வெளியே வைத்தால் பூனை. அதனால் அதைத் துண்டால் மூடி மேஜைக்கு அடியில் தள்ளினாள். இணை இயக்குநர் நடுவில் அமர்ந்தார். இருபுறமும் தலைவர்கள், சுவரைப் பார்த்தபடி. அக்காள் டீத் தட்டோடு வாசலில்.

"சொல்லும்மா," என்றார் இணை இயக்குநர்.

முப்பத்தேழு எழுந்தாள்.

"கலப்பு எலிகள் மிக அரிது, மேடம்."

நாற்பதார் தலையசைத்தார். முப்பத்துநாலாரும் தலையசைத்தார். ஒருவர் அசைத்ததை மற்றவர் பார்த்தார். இருவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

"ரொம்ப நோஞ்சான். அதுங்களுக்குக் குட்டி..."

'கீச்.'

"...குட்டி பொறக்கிறது..."

'கீச், கீச், கீச்.'

"அது என்ன சத்தம்?" என்றார் இணை இயக்குநர்.

"நாற்காலி, மேடம்," என்றார் நாற்பதார்.

"நான் ஆடவே இல்லையே," என்று சொல்லிக்கொண்டே இணை இயக்குநர் குனிந்து, கூண்டை இழுத்து மேஜைமேல் வைத்துத் துண்டை விலக்கினார். எலி நிமிர்ந்து பார்த்தது. அதன் வயிற்றடியில் ரோஜா நிறக் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முட்டிக்கொண்டிருந்தன.

"இது எந்தக் கரை எலி?"

முப்பத்தேழு ஒத்திகை பார்த்ததெல்லாம் அந்தக் கணத்தில் மறந்துபோயிற்று.

"ரெண்டு கரையும் மேடம். முப்பத்தேழு. நோஞ்சானும் இல்லை, அரிதும் இல்லை. குட்டி நீங்களே பாருங்க."

"என்னது!" நாற்பதார் மேஜையில் அறைந்தார்.

"சார்! கத்தாதீங்க! தாய் மிரண்டா குட்டியைத் தின்னுடும்!"

இரண்டு தலைவர்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என்ன இருந்தாலும் எலி மனிதர்கள் அல்லவா? அன்று நிலையத்தின் மிகப் பெரிய சண்டை கிசுகிசுப்பாக நடந்தது.

"இடது காது என் வெட்டு," என்று நாற்பதார் மூச்சுக் காற்றில் சீறினார். "வலது காதுல கை வெச்சது யாரு?"

"எங்க கரைப் பொறியில விழுந்துச்சு, வெட்டினேன். உங்க எலி என் கரைக்கு எதுக்கு வருது அத்தான்?" முப்பத்துநாலாரும் அதே சுருதியில் கேட்டார்.

அவர் அத்தான் என்று நேருக்கு நேர் அழைத்துப் பல வருஷமாகியிருந்தது. வாசலில் நின்ற அக்காள் டீத் தட்டோடு ஓரடி உள்ளே வந்தார்.

"நடந்து வந்திருக்கும்!"

"பூனை மேலயா?"

"அப்ப நீ திருடியிருப்பே, மச்சான்!"

"உங்க எலியைத் திருட எனக்குப் பைத்தியமா? அதை ஓசியில குடுத்தாலே..." முப்பத்துநாலார் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"குடுத்தாலே?" என்று இணை இயக்குநரும் கிசுகிசுத்தார். அவருக்கும் தொற்றிக்கொண்டது.

குட்டிகள் மட்டும் கீச்சிட்டன. அக்காள் டீத் தட்டை மேஜையின் ஓரத்தில் வைத்தார்.

"எலி நடந்து போகலைங்க. வாளியில போச்சு."

"நீ சும்மா இரு," என்றார் நாற்பதார். குரலில் பலம் இல்லை.

"ஏன் சும்மா இருக்கணும்? இவரு விடியக்காலையில நடைப்பயிற்சின்னு மூடி போட்ட வாளியோட கிளம்புவாரு மேடம். பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் கவுத்துட்டு, காலி வாளியோட வருவாரு. தம்பி, மத்தியானம் எல்லாரும் தூங்கற நேரமாப் பாத்து அதே மாதிரி வாளி. அங்கேருந்து இங்கே. வருஷக்கணக்கா நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

முப்பத்தேழுக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. பாலத்தின் இரு முனையிலும் ஏன் கும்பல் என்று இப்போது புரிந்தது. நாற்பது இல்லாத எலி தம் கரையில் இருக்கக்கூடாது என்று நாற்பதார், எண்ணிக்கை சரியில்லாததையெல்லாம் அக்கரையில் கொட்டினார். முப்பத்து நான்கு இல்லாததையெல்லாம் முப்பத்துநாலார் இக்கரையில் கொட்டினார். கொட்டப்பட்ட எலி, கொட்டிய இடத்து எலியோடு குடித்தனம் நடத்தியது. பிறந்த குட்டி எந்தக் கணக்கிலும் சேராது. எனவே அதற்கும் வாளி. தண்ணீரும் பூனையும் பிரித்து வைத்திருந்த இரண்டு கூட்டத்தை, தூய்மையாக வைக்கிறேன் என்று இந்த இரண்டு பேரும் வாளி வாளியாகக் கலந்துவிட்டிருந்தார்கள்.

"கரையைச் சுத்தமா வெச்சுக்கணும்னுதான்..." என்று நாற்பதார் இழுத்தார்.

"நானும் அதுக்குத்தான்," என்றார் முப்பத்துநாலார்.

இணை இயக்குநருக்குச் சிரிப்பு வந்தது. குட்டிகளை நினைத்து வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"ஏம்மா, இத்தனை வருஷமாப் பாத்துட்டு நீங்க ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?" என்று அக்காளிடம் கேட்டார்.

"நான் என்னத்தைக் கண்டேன் மேடம்? வாய்தான் பேசிக்கலையே தவிர, ஒருத்தருக்கொருத்தர் எலி குடுத்துக்கிறாங்கன்னு நினைச்சேன். நமக்கு நகை நட்டு மாதிரி இவங்களுக்கு எலிதானே? என்னைக்காவது ஒருநாள் ராசியாயிடுவாங்கன்னு..." அக்காள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வாளியை நானே கழுவி வெச்சிருக்கேன்."

நாற்பதார் சுவரைப் பார்த்தார். முப்பத்துநாலார் எதிர்ச் சுவரைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, முப்பத்துநாலார் ஒரு டீயை எடுத்து மேஜையின் மறுபக்கம் நகர்த்தினார். நாற்பதார் அதைத் தொடவில்லை. ஆனால் திருப்பி நகர்த்தவும் இல்லை.

"வாளி ரெண்டையும் என் ஜீப்புல ஏத்துங்க," என்று எழுந்தார் இணை இயக்குநர். "ஆய்வகம் ஒண்ணா ரெண்டான்னு அப்புறம் சொல்றேன். எலிங்க முடிவு பண்ணிடுச்சு போல."

நசுங்கிய ஜீப் வரை முப்பத்தேழு கூடவே வந்தாள். கையில் இரண்டு வாளிகள். வைத்துவிட்டு, கேட்கவா வேண்டாமா என்று நின்றாள்.

"என்னம்மா?"

"மேடம், நான் முதல்ல பொய் சொல்லிட்டேன்."

"எலி உன்னை முடிக்க விடலை. மேலே சொல்லு."

"என் வேலை... ரெண்டு பேரும் கையெழுத்துப் போடறதாச் சொல்லியிருந்தாங்க. இனிமே போடமாட்டாங்க."

"முன்னாடியும் போட்டிருக்க மாட்டாங்க. போன வாரமே ரெண்டு பேரும் தனித்தனியா எனக்கு போன் பண்ணிட்டாங்க. 'இந்தப் பொண்ணு எங்க கரைக்குச் சரிப்படாது, அந்தப் பக்கம் அனுப்பிடுங்க'ன்னாங்க. ஒரு வார்த்தை மாறலை."

முப்பத்தேழின் கை தன்னையறியாமல் காதுக்குப் போனது. முதலில் இடது. பிறகு வலது.

"அப்ப நான் பெட்டியைக் கட்டிடவா மேடம்?"

"எதுக்கு? அவங்க கையெழுத்துக்கு மேலே என் கையெழுத்து இருக்கு. உன் வேலை நிரந்தரம்னு நான் எழுதிட்டுத்தான் கிளம்பறேன்." இணை இயக்குநர் ஜீப்பில் ஏறிக் கதவை இழுத்தார். அது சரியாக மூடவில்லை. "நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல தலைமையகத்துல போன் எடுத்துட்டிருந்தேன்மா. இவங்க ரெண்டு பேரும் முன்னாடி இருந்த இடத்துலேருந்தும், 'எங்களுக்குச் சரிப்படாது, வேற பக்கம் அனுப்பிடுங்க'ன்னு சொல்லித்தான் இங்கே தள்ளிவிட்டாங்க!"